முதல் நாளிலேயே கைவிட வைக்காத குறிப்பு

(கட்டற்ற மென்பொருள் கருவிகளைப் புதியவர்கள் தாங்களே நிறுவிக்கொள்ள உதவும் குறிப்புகளை எழுதுவது பற்றி, பரமக்குடியில் கல்லூரி மாணவர்கள் மற்றும் தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவங்க இங்கே நிறைய பேர் இருக்கீங்க. ஒரு பாவு முடிஞ்சு அடுத்த பாவு ஏத்தும்போது, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கணும். பழகின கைக்கு அது யோசிக்காமலே நடக்கிற வேலை. அவர்கிட்ட போய் "எப்படிங்கய்யா செய்றீங்க?" என்று கேட்டால், "சேர்த்து முறுக்கினா ஆச்சு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நம்மால் ஒரு இழைகூடப் பிணைக்க முடியாது.

கணினி விஷயத்தில் நாமும் அந்த அய்யா மாதிரிதான் பேசுகிறோம். "பைத்தானை இன்ஸ்டால் செய்து, டெர்மினலைத் திறந்து, வெர்ஷன் சரிபார்க்கவும்." எழுதியவருக்கு இது மூன்று வேலை. முதல் முறை செய்கிற பிள்ளைக்கு முப்பது வேலை. அதில் இருபத்தேழை நாம் எழுதவே இல்லை.

இது ஏன் முக்கியம்? 2019-20 கல்வியாண்டில் வந்த பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் பாடமாக இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை வீட்டில் ஒரு நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால், முதலில் அதைத் தானே நிறுவ வேண்டும். பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. ஒரு மணி நேரம் போராடிவிட்டு, "இது நமக்கு வராது" என்று மூடி வைத்துவிடுகிறது. தவறு குறிப்பில் இருந்தது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தன்மேல்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறது. எனக்கு இதில் வருத்தமே அதுதான்.

நானும் அந்தத் தவறைச் செய்தவன். ஒரு முறை ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அழகாக வடிவமைத்து, குழுவில் அனுப்பினேன். ஒருத்தருக்கும் கட்டளை வேலை செய்யவில்லை. பிறகுதான் புரிந்தது. நான் எழுதிய ஆவணச் செயலி, இரண்டு ஹைஃபன்களை ஒரே நீளக் கோடாக மாற்றிவிட்டது. நேர் மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக்கிவிட்டது. கண்ணுக்கு எல்லாம் சரி, கணினிக்கு வேறு எழுத்து. வாட்ஸ்அப்பிலும் கவனம் வேண்டும்: ஒரு சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி இருந்தால் அது தடித்த எழுத்தாகிவிடும், குறி மறைந்துவிடும். கட்டளைகளை எப்போதும் நோட்பேட் மாதிரி சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி, கோப்பாகவே அனுப்புங்க.

இன்னொன்று. பல குறிப்புகளில் கட்டளைக்கு முன்னால் ஒரு டாலர் குறி இருக்கும். "இங்கிருந்து டைப் செய்" என்று டெர்மினல் காட்டுகிற அடையாளம் அது. புதியவர் அதையும் சேர்த்து டைப் செய்வார். ஏன் செய்யக் கூடாது? தாளில் இருக்கிறதே!

லினக்ஸில் "சூடோ" போட்டால் கடவுச்சொல் கேட்கும். டைப் செய்யும்போது பெரும்பாலும் திரையில் எழுத்தும் வராது, புள்ளியும் வராது. "கீபோர்டு கெட்டுப்போச்சு சார்" என்று போன் வரும். "கடவுச்சொல் திரையில் தெரியாது. அப்படியே டைப் செய்து என்டர் தட்டவும்" என்று ஒரு வரி இருந்தால் அந்தப் போன் வராது.

நம் மாநிலத்துக்கே உரிய ஒரு விஷயம் சொல்றேன். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். அக்கா வாங்கியது, இப்போது தம்பி கையில் இருக்கும். அதில் விண்டோஸ் 7 இருந்தால், பைத்தான் 3.8-க்கு மேற்பட்ட பதிப்பு ஓடாது. "புதிய பதிப்பைத் தரவிறக்கவும்" என்று மொட்டையாக எழுதினால் அந்தத் தம்பி அங்கேயே நின்றுவிடுவான். அதே மடிக்கணினியை லினக்ஸில் திறந்தால் பைத்தான் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றும் தரவிறக்காமலே பாடத்தைத் தொடங்கலாம். ஆகவே குறிப்பின் முதல் கேள்வி "உங்களிடம் எந்தக் கணினி இருக்கிறது?" என்பதாக இருக்கட்டும். அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதும் கூடவே வரட்டும். "உங்கள் இயங்குதளத்தின் பிட் அளவைத் தெரிந்துகொள்ளவும்" என்றால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

இதை நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2014-ல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் இயக்கத்தின் பாடத்தைப் பாருங்க. விண்டோஸ், மேக், லினக்ஸ், குரோம்புக் என்று தனித்தனியாகப் பிரித்து, டெர்மினல் என்றால் என்ன என்பதில் இருந்தே சொல்லித்தருகிறார்கள். தமிழில் 2012 முதல் கணியம் இதழ் "எளிய தமிழில்" என்ற பெயரிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவருகிறது. உரிமமும் தாராளம், பெயர் சொல்லிப் பகிர்ந்துகொள்ளலாம்.

தமிழில் எழுதும்போது ஒரு சறுக்கல் வரும். திரையில் பொத்தான் ஆங்கிலத்தில் இருக்கும், நாம் "அடுத்து என்பதைச் சொடுக்கவும்" என்று எழுதிவிடுவோம். அந்தப் பிள்ளை "அடுத்து" என்ற பொத்தானைத் தேடும். பொத்தானில் இருக்கிற சொல்லை அப்படியே கொடுங்க, பக்கத்தில் பொருளைத் தமிழில் சொல்லுங்க. மொழிப்பற்றைக் காட்ட அது இடமில்லை, விளக்கத்தில் காட்டலாம்.

விண்டோஸ் பைத்தான் நிறுவியின் முதல் திரையில், கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பைத்தானைப் பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும். அதில் டிக் போடாமல் போனால், பிறகு "பைத்தான்" என்று டைப் செய்யும்போது பைத்தானுக்குப் பதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கலாம். அந்தப் பெட்டியின் வாசகம்கூடப் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது. அதனால் குறிப்பின் தலையில் தேதியும், எந்தப் பதிப்பில் செய்து பார்த்தீர்கள் என்பதும் இருக்கணும். படம் போடுவது நல்லது, ஆனால் கட்டளையைப் படமாகப் போடாதீங்க. படத்திலிருந்து நகலெடுப்பது எல்லாருக்கும் கைவராது.

ஒவ்வொரு படிக்கும் பிறகு "இப்போது திரையில் இப்படி வரும்" என்று எழுதுங்க. அதைவிட முக்கியம், "இப்படி வந்தால் இதைச் செய்யுங்கள்" என்பது. எத்தனை எம்பி தரவிறக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிடுங்க. அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக் கற்கிற பிள்ளைக்கு அது பெரிய செய்தி.

கணினியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற கட்டற்ற செயலியில் பைத்தான் ஓடும். அதை எஃப்-டிராய்டிலிருந்து எடுப்பது நல்லது. குறிப்பில் போனுக்கும் ஒரு பகுதி வையுங்க.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம். தேடுபொறியில் மேலே வருகிற விளம்பரத்தை அமுக்கி, வேறு எதையோ இறக்கிவிடுகிறார்கள். அதிகாரப்பூர்வ முகவரியை முழுசா எழுதுங்க. பைத்தானை நிறுவப் பணம் கட்ட வேண்டாம், கணக்கு தொடங்க வேண்டாம், ஓடிபி சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் அது தவறான இடம். அடுத்தது, கிட். தொடங்கும்போது பெயரும் மின்னஞ்சலும் கேட்கும். அந்த மின்னஞ்சல் ஒவ்வொரு கமிட்டிலும் பதிவாகும். பொதுவில் ஏற்றினால் உலகமே பார்க்கலாம். கிட்ஹப்பில் மின்னஞ்சலை மறைக்க வழி இருக்கிறது. அதைக் கடைசிப் பக்கத்தில் சொல்லிப் பயனில்லை, பெயர் கேட்கிற அந்தப் படியிலேயே சொல்லணும்.

எழுதி முடித்ததும் நீங்களே படித்துத் திருப்திப்படாதீங்க. இதுவரை செய்யாத ஒருவரிடம் கொடுங்க. பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு பாருங்க. அவர் தயங்குகிற இடத்தில் உங்க கை மவுஸை நோக்கிப் போகும், அடக்கிக்கோங்க. எங்கே தயங்கினார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்க. எனக்கு இதுதான் மிகக் கஷ்டமான வேலை, இன்னைக்கும்.

தேநீர் முடிந்ததும் இருவர் இருவராக உட்காருவோம். ஒருவர் எழுதணும், மற்றவர் அதை மட்டும் பார்த்துச் செய்யணும். பைத்தானை நிறுவி, தன் பெயரைத் திரையில் வரவைப்பதுதான் வேலை. எழுதியவர் பேசக் கூடாது. பழைய மடிக்கணினி கொண்டுவந்தவங்க முன் வரிசைக்கு வாங்க, உங்களிடம்தான் எனக்கு வேலை அதிகம்.