காயில்தான் போகும், காந்தம் போகாது

நான் ரிஷிவந்தியத்துக்காரன். ஸ்பீக்கர் பழுது பார்ப்பது என் தொழில். வானொலியில் காந்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒத்த துருவம் தள்ளும், மாற்றுத் துருவம் இழுக்கும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்பீக்கர் பாடாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் காயில்தான் போயிருக்கும், காந்தம் போயிருக்காது. காயிலை மாற்றினால் அது மறுபடி பாடும். இது தெரியாமல் ஊர் ஊராக நல்ல காந்தங்களைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் குரல் உங்கள் காதுக்கு வருவதே ஒரு காந்தத்தின் தயவில்தான். ரேடியோவுக்குள் காகிதக் கோனுக்குப் பின்னால் வட்டமாக ஒரு காந்தம் இருக்கிறது. அதன் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இரும்புக் கட்டைக்கும் இடையில் ஒரு வளைய இடுக்கு உண்டு. அந்த இடுக்கில், எதையும் தொடாமல், செம்புக் கம்பிச் சுருள் ஒன்று நிற்கிறது. அதுதான் காயில். மின்சாரம் ஓடினால் காயிலும் ஒரு காந்தமாகிவிடும். 1820இல் கோபன்ஹேகனில் ஊர்ஸ்டெட் கண்டது இதைத்தான். மின்சாரம் ஒரு பக்கம் ஓடினால் காயில் முன்னே வரும், திருப்பி ஓடினால் பின்னே போகும். என் குரல் நொடிக்கு நூற்றைம்பது தடவை அதிர்ந்தால், உங்கள் வீட்டுக் காயிலும் நொடிக்கு நூற்றைம்பது தடவை ஆடும். கோன் கூடவே ஆடிக் காற்றைத் தள்ளும். காந்தம் மட்டும் அசையாது. திரும்பவும் சொல்கிறேன், ஆடுவது காயில், காந்தம் அசைவதே இல்லை.

எங்கள் ஊரிலிருந்து திருக்கோவிலூர் போய் அப்படியே கிழக்கே போனால் திருவெண்ணெய்நல்லூர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வாழ்ந்த ஊர். அவருடைய சிவஞானபோதத்தில் பன்னிரண்டே சூத்திரம். அதில் ஐந்தாவது சூத்திரத்தில் காந்தம் வருகிறது. கண்ணும் காதும் உயிரின் துணையால் வேலை செய்கின்றன, ஆனால் அந்த உயிரை அவை அறிவதில்லை. அதுபோலத்தான் உயிர்களும் இறைவன் அருளால் இயங்குகின்றன, அந்த அருளை அறியாமல். இதற்கு அவர் சொல்லும் உவமை காந்தத்தின் முன் இருக்கும் இரும்பு. இரும்பு அசையும், காந்தம் இருந்த இடத்தில் இருக்கும். கோயில் சொற்பொழிவு ஒன்றுக்கு ஸ்பீக்கர் கட்டப் போன இடத்தில்தான் இதை முதலில் கேட்டேன். மேடைக்குக் கீழே என் பெட்டிக்குள் நடந்துகொண்டிருந்ததும் அதுதானே! அன்றைக்கு வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டேன். இதே நூற்றாண்டில், 1269இல், இத்தாலியில் லூசெரா முற்றுகைப் பாசறையில் இருந்த பெட்ரஸ் பெரெக்ரினஸ் என்பவர் காந்தத்துக்குத் துருவங்கள் உண்டு என்று விளக்கி நண்பருக்குக் கடிதம் எழுதினார். அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் லூசெராவிலிருந்து தொடங்குகிறார்கள். திருவெண்ணெய்நல்லூரையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இன்னும் ஒரு சொந்தமும் நமக்கு உண்டு. மேற்கே தெரிகிற கல்வராயன் மலையில் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. அதில் மேக்னடைட் என்னும் இரும்புத் தாது பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். மழையும் வெயிலும் பாறையை உதிர்க்க, தாது ஓடைக்கு வந்து மணலில் கறுப்புக் கோடாகப் படியும். கோமுகி, மணிமுக்தா ஆற்றுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியும். உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மணலில் இழுத்தால் கறுப்புத் துகள் குத்திட்டு நிற்கும். என் கடைக்கு வந்து உடைந்த காந்தம் கேட்கும் பிள்ளைகளிடம் நான் காசு வாங்குவதில்லை. வடக்கே திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலை, வேடியப்பன்மலை, மேற்கே சேலத்தில் கஞ்சமலை, எல்லாம் இதே தாதுதான். 1830இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கியபோது சேலத்துத் தாதுவை நம்பித்தான் தொடங்கினார்.

ஸ்பீக்கருக்கு வருகிறேன். 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பேர் இன்றைய ஸ்பீக்கரின் வடிவத்தைக் கொடுத்தார்கள். அன்றைக்குப் போதிய பலமுள்ள நிலைக்காந்தம் கிடையாது. பெரிய கம்பிச் சுருளில் ஓயாமல் மின்சாரம் ஓடவிட்டு மின்காந்தம் ஆக்கித்தான் ஓட்டினார்கள். 1931இல் ஜப்பானில் மிஷிமா என்பவர் இரும்போடு நிக்கல், அலுமினியம் சேர்த்து ஒரு காந்தம் செய்தார். அந்த வழியில் கோபால்ட்டும் சேர்ந்து வந்ததுதான் அல்நிக்கோ. பழைய வால்வு ரேடியோக்களில் இருப்பது அது. இனிமையாகப் பாடும். ஆனால் ஒரு குணம் உண்டு. சட்டத்திலிருந்து கழற்றினால் அந்த நிமிடமே பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடும், திரும்பப் பூட்டினாலும் பழைய பலம் வராது. 1978இல் ஆப்பிரிக்காவில் ஜைர் நாட்டின் ஷாபா பகுதியில் சண்டை மூண்டது. கோபால்ட் விலை எங்கேயோ போனது. ஸ்பீக்கர் செய்கிறவர்கள் கூட்டமாக ஃபெரைட்டுக்கு மாறினார்கள்.

ஃபெரைட் 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. கறுப்பாக, தடித்த வளையமாக இருக்குமே, அதுதான். இரும்பு ஆக்சைடோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்த்து, அழுத்தி, 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். நம் மலைத் தாதுவும் இரும்பு ஆக்சைடு, இதுவும் இரும்பு ஆக்சைடு, உறவு முறைதான். துருப்பிடிக்காது, ஏனென்றால் அதுவே ஆக்சைடு. விலை மலிவு. பல பத்தாண்டுகள் ஆனாலும் பலம் குறையாது. ஒரே குறை, கீழே விழுந்தால் மண்சட்டி மாதிரி விண்டுபோகும். எனக்குப் பிடித்த காந்தம் இதுதான். யார் எது சொன்னாலும் இதுதான்.

இப்போது என் வேலையைச் சொல்கிறேன். கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயில் எரிந்த ஸ்பீக்கர் வருகிறது. கோனையும், மஞ்சள் துணி மடிப்பாக இருக்கும் ஸ்பைடரையும் அறுத்து எடுத்தாயிற்று. மிஞ்சுவது இரும்புக் கூடையும் காந்தமும் அந்த வளைய இடுக்கும்தான். புது ஆட்கள் நேராகப் புதுக் காயிலை இறக்கப் பார்ப்பார்கள். கூடாது. முதல் வேலை இடுக்கைச் சுத்தம் செய்வது. இரண்டாவது வேலையும் இடுக்கைச் சுத்தம் செய்வதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். நம் பகுதியில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. நல்ல ஸ்பீக்கரின் இடுக்கில் 1 டெஸ்லாவை ஒட்டி இருக்கும். கணக்குப் போட்டால் 25,000 மடங்கு. திசைகாட்டி முள்ளைத் திருப்புகிற விசையை அத்தனை மடங்காக்கி ஒரு நூல் அகல இடுக்கில் காந்தம் அடைத்து வைத்திருக்கிறது. பக்கத்தில் யாராவது அரம் போட்டால் அந்தத் துகள் பறந்து வந்து உள்ளே உட்கார்ந்துவிடும். ஊதினால் போகாது. பிரஷ் போட்டால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகருமே தவிர வெளியே வராது. கெட்டி அட்டையில் பசை டேப்பை வெளிப்புறமாகச் சுற்றி, இடுக்கில் விட்டு, வளையம் முழுக்க ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். டேப்பில் ஒரு புள்ளி கறுப்புக்கூட ஒட்டாமல் வெள்ளையாக வரும்வரை எடுக்க வேண்டும்.

நான் தொழில் கற்றது கள்ளக்குறிச்சியில் ஒரு பெரியவரிடம். சாயங்காலம் கடையைக் கூட்டிய பிறகு, கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் நடப்பார். அதில் ஒட்டிய துகளைக் காகிதத்தில் வழித்து என்னிடம் காட்டுவார். "இது தரையில கிடந்தா குப்பை தம்பி, இடுக்குல கிடந்தா எமன்" என்பார். அந்த மனிதர் கடையில் மாற்றிய காயில் கரகரத்து நான் கேட்டதே இல்லை.

சுத்தமான பிறகு காயிலை நடுவில் நிறுத்துவது. நடுக்கட்டைக்கும் காயிலுக்கும் நடுவே சுற்றிலும் எக்ஸ்ரே ஃபிலிம் துண்டுகளைச் செருக வேண்டும். காயில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். ஸ்பைடரை ஒட்டி, கோனை ஒட்டி, பசை காயும்வரை தொடக்கூடாது. அவசரம் என்று கல்யாண வீட்டுக்காரர் வாசலில் நின்றாலும் தொடக்கூடாது. பிறகு ஃபிலிமை உருவிவிட்டு, இரண்டு கையின் விரல்களாலும் கோனைச் சமமாக அழுத்தி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். உரசல் கேட்டால் பிரித்து மறுபடி முதலிலிருந்து. மீட்டரைவிடக் காது நம்பகமானது.

அதன் பிறகு ஒரு பேனா பேட்டரி. ஒன்றரை வோல்ட் போதும். பேட்டரியின் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் பிளஸ் முனையில் வைத்து இன்னொரு முனையைத் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். பின்னால் போனால் ஒயரை மாற்றிப் பற்ற வைத்திருக்கிறோம். ஒரு பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர் இருந்து ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போனால், ஒன்று தள்ளிய காற்றை மற்றது விழுங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி காணாமலே போய்விடும். ஆம்ப்ளிஃபயரைத் திட்டுகிறவர்கள் முதலில் பேட்டரியை வைத்துப் பாருங்கள்.

காந்தத்துக்கே கேடு வராதா என்று கேட்பீர்கள். வரும், இரண்டு வழியில். டிராக்டர் டிரெய்லரில் பெட்டியை முறையாகக் கட்டாமல் மேட்டில் ஓட்டினால் உள்ளே பசை விட்டுக் காந்தம் இம்மி நகர்ந்துவிடும். காயில் சிக்கிக்கொள்ளும். வெள்ளிமலைப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் போன பெட்டி அப்படித்தான் வந்தது. காயிலில் தொடர்ச்சி இருந்தது, மீட்டர் சரியாகக் காட்டியது, கோன் மட்டும் கல்லாக நின்றது. எரிந்துவிட்டது என்று முடிவு கட்டி எடைக்குப் போடக் கிளம்பியிருந்தார்கள். காந்தத்தை நேராக்கி ஒட்டினோம், இன்றும் பாடுகிறது. இன்னொரு கேடு உடைசல். அதிலும் இரண்டு மூன்று துண்டாக உடைந்த ஃபெரைட்டை இருந்த இடத்திலேயே சேர்த்து ஒட்டினால் அனேகமாக வேலை செய்யும்.

இனி இன்றைய மோகத்துக்கு வருகிறேன். "அண்ணே, நியோடிமியம் வாங்கிடலாமா?" என்று சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற இளைஞர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாவாவும் அமெரிக்காவில் க்ரோட்டும் தனித்தனியே கண்டார்கள். எடைக்கு எடை பார்த்தால் இதற்கு நிகரான பலம் இல்லை. செல்போனுக்கு வேண்டும், ஹெட்போனுக்கு வேண்டும், மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்கு வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில், தகரப் பந்தலடியில், விடிய விடிய ஓடுகிற பெட்டிக்கு? சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரி சூட்டைத் தாண்டினால் பலத்தை இழக்கத் தொடங்கும், ஆறிய பிறகும் அது திரும்பாது. அதிக சூடு தாங்கும் ரகங்கள் உண்டு, அவற்றின் விலை வேறு. மேல்பூச்சு பெயர்ந்தால் துருப்பிடித்துப் பொடியாகும். காயில் போகும், காந்தம் போகாது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அந்த உறுதியை மலிவு நியோடிமியத்துக்கு நான் தரமாட்டேன். எடை குறைவு என்பதைத் தூக்குகிறவர் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். பந்தாவுக்கு வாங்குகிறவர் சொன்னால் ஏற்கமாட்டேன்.

அதோடு, 2025 ஏப்ரலில் சீனா இந்த வகைக் காந்தங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. நம் நாட்டு வண்டித் தொழிற்சாலைகள் தவித்தன. இத்தனைக்கும் நியோடிமியம் இருக்கிற மோனசைட் மணல் நம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே இருக்கிறது. அங்கே மணலிலிருந்து தாதுக்களைப் பிரிப்பதற்கும் காந்தத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு மோகம் காந்த வளையல், காந்த மெத்தை. ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்று சந்தையில் விற்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணி மாதிரி இழுபடும் இரும்பு இல்லை. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக லேசாக விலக்கத்தான் செய்யும் என்று 1936இலேயே பாலிங், கோரியல் இருவரும் அளந்து காட்டினார்கள். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் ஒன்றரை டெஸ்லாவுக்குள் படுத்து எழுந்து வருகிறோம், ரத்தம் ஒரு பக்கமாக ஓடிவிடுவதில்லை. இந்தக் காசில் வீட்டில் தூங்குகிற ரேடியோவுக்குக் காயில் மாற்றிவிடலாம்.

தெருக்கூத்து நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது பெட்டி என்றாலே அடிவயிற்றில் இடிக்கிற பேஸ் என்று ஆகிவிட்டது. கூத்தில் பேச்சு முக்கியம். துரியோதனன் என்ன கேட்டான், பாஞ்சாலி என்ன பதில் சொன்னாள் என்பது கடைசி வரிசைப் பாட்டிக்கும் விளங்க வேண்டும். அதற்குப் பதினெட்டு அங்குலம் வேண்டாம். பழைய ஃபெரைட் பன்னிரண்டு அங்குலம் இரண்டு, ஆள் உயரத்துக்கு மேலே, சபையைப் பார்த்து லேசாகச் சாய்த்து வைத்தால் போதும். முகவீணையும் குரலும் தனித்தனியாகக் கேட்கும்.

உங்கள் ஊர்க் கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ பாடாத பெட்டி மூலையில் கிடந்தால் பின்பக்கம் திறந்து பாருங்கள். கறுப்பு வளையம் விரிசல் இல்லாமல் இருக்கிறதா? ஒரு திருப்புளியைக் காந்தத்தின் ஓரத்தில் வைத்தால் விடாமல் பிடிக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் காயில்தான் போயிருக்கும். வண்டியில் ஏற்றும்போது கோன் மேலே பார்க்க வைத்து, கீழே வைக்கோலோ பழைய மெத்தையோ போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பக்கத்தில் காயில் மாற்றுகிறவர் யார் என்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். இடுக்கைச் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், டேப் வெள்ளையாக வருகிறதா என்று.