பிடி அரிசியும் பொதுப் பந்தியும்



தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றிய ஆண்டு 1946. அதற்கு முன்பே, அரசு வேலைக்காகத் தலைநகர் வந்த தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கிவிட்டன. அந்தத் தொடக்கம் இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக வளர்ந்து நிற்கிறது. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் முதலில் செய்த காரியம் சேர்ந்து கைப்பணம் போட்டதுதான். கொடுத்தல், தலைநிமிர்ந்து நிற்றல், கூடி வாழ்தல் ஆகிய மூன்றும் அவர்களிடம் ஒரே செயலாக இருந்தன.

இந்த மூன்றையும் கிறித்தவ நம்பிக்கையின் வழியே வாழ்ந்து காட்டிய தமிழர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருச்சபை வரலாறு படித்தவர்கள் அவரை அறிவார்கள். பிற தமிழர்களில் பலர் அவர் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். எந்தச் சமயத்தவரானாலும் வெளியூரில் வாழும் தமிழர் அறியவேண்டிய வாழ்க்கை அது.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில், ஒரு கிராமப் போதகரின் மகனாக 1874-இல் பிறந்தார் அசரியா. மெய்ஞானபுரம் விடுதிப் பள்ளியில் படிக்கும்போதே, மாணவரிடையே சாதி வேற்றுமையைப் போக்க ஒரு சங்கம் அமைப்பதில் முன்நின்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் படிப்புக்குப் பின் ஒய்.எம்.சி.ஏ. பணியில் சேர்ந்து தென்னிந்தியா முழுதும் சுற்றினார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிய பயணம் யாழ்ப்பாணத்துக்குப் போனது. 1902-இல் அங்கே அவர் கண்டது எளிய காட்சிதான். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறித்தவ இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டி, கடல் தாண்டித் தமிழகக் கரைக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிச் சபையோ அவர்களுடையதைவிட ஆள்பலம் மிக்கது. ஆனாலும் அது அந்நிய மிஷன்களின் கையை எதிர்பார்த்தே பழகியிருந்தது. அசரியா ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் உறுதி. சுதேசி இயக்கம் வங்காளத்தில் கொழுந்துவிட்ட அதே ஆண்டு அது.

மற்றவர்களை அனுப்பிவிட்டு அவர் வீட்டிலிருக்கவில்லை. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுவிட்டு, ஐதராபாத் நிஜாம் ஆட்சிக்கு உட்பட்ட தோர்ணக்கல்லுக்குத் தாமே குடிபோனார். அங்கே மொழி தெலுங்கு. மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தார். நிலமில்லாத கூலிகள், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள்.

இப்படிப்பட்டவர்களிடம் காணிக்கை கேட்கலாமா என்று பலருக்குத் தயக்கம் இருந்தது. அசரியா கேட்டார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் வழக்கத்தைச் சபைப் பெண்களிடம் ஊக்குவித்தார். நெல், கோழி, முட்டை என்று வீட்டில் விளைந்ததும் வளர்ந்ததும் ஆலயத்துக்கு வந்தன. கொடுப்பதைப் பற்றி அவர் பின்னாளில் ஒரு தனி நூலே எழுதினார். ஏழையிடம் வாங்காமல் இருப்பது ஏழைக்குச் செய்யும் உபகாரமல்ல என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எப்போதும் வாங்கிக்கொண்டே இருப்பவருக்குத் தம்மைப் பற்றிய எண்ணம் தேய்ந்துவிடும். ஒரு பிடி அரிசி கொடுத்த பெண்ணோ, சபை தன்னுடையது என்று சொல்லும் உரிமை பெற்றாள்.

இதற்கு வேதாகமத்தில் அடிப்படை இருக்கிறது. எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் செல்வர்கள் அள்ளிப் போட்டபோது, ஏழை விதவை ஒருத்தி இரண்டு சிறு காசுகளைப் போட்டாள். எல்லாரையும்விட அதிகம் போட்டவள் அவள்தான் என்று இயேசு சீடர்களுக்குக் காட்டினார். இந்நிகழ்ச்சியைப் பிரசங்கிப்பவர்கள் பெரும்பாலும் அவளுடைய தியாகத்தைப் போற்றுவார்கள். அதோடு கவனிக்கவேண்டியது இன்னொன்று உண்டு. ஏழையின் காசு வேண்டாம் என்று இயேசு அவளைத் தடுக்கவில்லை. கொடுப்போர் வரிசையில் அவளுக்குரிய இடத்தை அவளுக்கே விட்டுவைத்தார்.

பிடி அரிசி ஒரு சமயத்துக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டத்தை வலியுறுத்தினார். மிசோரமில் 1910 முதல் கிறித்தவப் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசி ஒதுக்கி வருகிறார்கள். அந்தக் கைப்பிடிகள் சேர்ந்து அங்குள்ள சபைகளுக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாகின்றன. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தவருக்குச் சோறு வடிக்கிறது. இந்தத் தில்லியிலேயே பங்களா சாகிப் குருத்வாராவில் மாவு பிசைபவரும் பாத்திரம் கழுவுபவரும் பெரும்பாலும் தொண்டர்கள். அங்கே சாப்பிட வந்தவர் சற்று நேரத்தில் பரிமாறுபவராக மாறிவிடலாம்.

கொடுத்தலிலிருந்து தன்மதிப்பு பிறக்கிறது என்பதை அசரியா ஏழைகளிடம் கண்டார். வலியவர்களிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய வேளையும் வந்தது.

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. 1,200-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். ஆசியர்களின் எண்ணிக்கை இருபதைக்கூடத் தொடவில்லை. அந்த மேடையில் 35 வயது அசரியா ஏறினார். ஐரோப்பிய மிஷனரிகளின் தியாகத்தையும் உழைப்பையும் மனமார ஒப்புக்கொண்டார். ஆனால் இந்திய ஊழியரோடு அவர்கள் பழகும் முறையில் எசமானன், வேலையாள் என்ற தூரம் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். இந்தியத் திருச்சபை அவர்களிடம் கடைசியாகக் கேட்பது நட்பைத்தான் என்று முடித்தார். அவையில் சலசலப்பு எழுந்தது. அந்த மாநாட்டு உரைகளில் இன்றுவரை அதிகம் நினைவுகூரப்படுவது அந்தத் தமிழரின் உரையே.

உதவி செய்பவர் ஒருவர், உதவி பெறுபவர் ஒருவர் என்று இருவர் நிற்கும் இடத்தில் நட்பு தானாக வருவதில்லை. செய்பவர் ஒரு படி இறங்கவேண்டும். பெறுபவர் ஒரு படி ஏற இடம் வேண்டும்.

தில்லியே இதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறது. 1881-இல் தொடங்கப்பட்ட புனித ஸ்டீபன் கல்லூரிக்கு முதல் இருபத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலேயரே முதல்வர்களாக இருந்தார்கள். 1906-இல் அப்பதவி காலியானபோது, கல்லூரியில் நீண்டகாலம் பணியாற்றிய வங்காளக் கிறித்தவர் சுசில் குமார் ருத்ராவை ஒதுக்கிவிட்டு இன்னொரு ஆங்கிலேயரை அமர்த்தும் எண்ணம் எழுந்தது. அங்கே பேராசிரியராயிருந்த சி.எஃப். ஆண்ட்ரூஸ் அதை ஏற்கவில்லை. ருத்ராவே முதல்வராக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ருத்ரா முதல் இந்திய முதல்வரானார். 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் தில்லியில் தங்கியது காஷ்மீரி கேட் பகுதியில் இருந்த அந்த ருத்ராவின் வீட்டில்தான். ஆண்ட்ரூஸ் கொடுத்தது பணமல்ல. தமக்கு எளிதில் கிடைத்திருக்கக்கூடிய மேலிடத்தை நண்பருக்காக விட்டுக்கொடுத்தார்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. தோர்ணக்கல் பேராயத்தில் கிறித்தவர் தொகை 1941-க்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஆலயம் கட்டியபோது ஐரோப்பியப் பாணியை அப்படியே நகலெடுக்காமல் இந்தியக் கட்டடக் கலைகளை இணைத்துக் கட்டினார். அந்தப் பேராலயம் 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஒதுக்கப்பட்ட மக்கள் தலை நிமிர்ந்து நுழைவதற்கென்று எழுந்த கட்டடம் அது.

ஒற்றுமைக்கான அவருடைய உழைப்பு தரங்கம்பாடியில் தொடங்கியது. 1919 மே மாதம் 33 போதகர்கள் அங்கே கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் என்ற பிரிவுகள் வெளியிலிருந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டவை, அவற்றைத் தொடரத் தாங்கள் விரும்பவில்லை என்று அவர்கள் அறிக்கை விட்டார்கள். அதன்பின் பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நடந்தது. 1945 புத்தாண்டு நாளில் அசரியா மறைந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழிந்த நிலையில், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பேராயர் உள்ள சபைகளும் பேராயர் இல்லாத சபைகளும் ஒன்றானதில் உலகத்துக்கு அது வழிகாட்டி. யாழ்ப்பாணமும் அதன் ஒரு பேராயமாகச் சேர்ந்தது. 1970-இல் நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை உருவாக அதுவே முன்மாதிரி.

ஒற்றுமைக்கு விலை உண்டு. 1932-இல் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தனித்தொகுதிகளை அறிவித்தபோது, கிறித்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று அசரியா எதிர்த்தார். மதமாற்றம் குறித்து அவருக்கும் காந்தியடிகளுக்கும் கடுமையான கருத்து மோதல் இருந்தது. ஆயினும் இந்தியரைத் துண்டாடும் ஏற்பாட்டை இருவருமே விரும்பவில்லை. 1949 மே மாதம் இதே தில்லியில், அரசியல் நிர்ணய சபை மதச் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற இட ஒதுக்கீட்டைக் கைவிட்டது. சபையின் துணைத் தலைவராயிருந்த கிறித்தவர் எச்.சி. முகர்ஜி அதற்கு ஆதரவாக நின்றார். பெரும்பான்மையிடம் உத்தரவாதம் கேட்டு நிற்பதைவிட, நம்பிக்கை வைத்து முதலடி எடுத்துவைக்க அசரியாவும் முகர்ஜியும் துணிந்தார்கள்.

இத்தனை வரலாற்றுக்குப் பிறகும் குறைகள் தீர்ந்துவிட்டன என்று சொல்வது உண்மையாகாது. தமிழகத் திருச்சபைகளில் சாதி இன்னும் சாகவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. அதே தமிழகத்தின் தென்கோடியில் அசனப் பண்டிகை என்ற அருமையான வழக்கமும் இருக்கிறது. ஊராரின் காணிக்கை அரிசியும் காய்கறியும் ஒரே அடுப்பில் வெந்து, எல்லாரும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஸ்தோத்திரப் பண்டிகையில் ஒரு தேங்காயையோ சேவலையோ ஏலம் விட்டு, எடுத்தவரே திரும்பக் கொடுத்து, மறுபடி ஏலம் விடுவார்கள். இருப்பவரும் இல்லாதவரும் ஒரே பந்தியில் உட்காரும் நாளில்தான் ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது தில்லித் தமிழரின் வீட்டுக் கதைக்கு வரலாம். 2025 ஜூன் 1 அன்று, உயர் நீதிமன்ற ஆணையின்படி ஜங்புரா அருகே பாராபுலா வடிகால் ஓரம் இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு பெறும் தகுதி கிடைத்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. பல பத்தாண்டுகளாகத் தில்லிக் குடும்பங்களின் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கி வாழ்ந்த தமிழர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்தவர்கள்.

இவர்களுக்கு அரிசி மூட்டையும் போர்வையும் கொடுப்பது தேவைதான். அசரியாவின் வாழ்க்கை அதற்கு மேலும் கேட்கிறது. தமிழகத்திலும் தில்லியிலும் யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ள எல்லாத் தமிழ்ச் சங்கங்களிடமும் அது கேட்கும் கேள்வி ஒன்றே. வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணுக்கு அந்தச் சங்கத்தின் செயற்குழுவில் இடம் உண்டா?

ஆகவே, இந்த மேடையிலிருந்து மூன்று வேண்டுகோள். சங்க உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிடி அரிசிக்கு ஈடான தொகையை நாள்தோறும் ஒதுக்கிவைத்து, தில்லியின் ஏழைத் தமிழ் மாணவர் கல்விக்குக் கொடுங்கள். அந்த நிதியைக் கையாளும் குழுவில், நரேலாவுக்கும் பிற இடங்களுக்கும் சிதறிப்போன குடும்பங்களிலிருந்து இருவரையாவது உறுப்பினராக்குங்கள். அவர்கள் கொடுக்கும் பத்து ரூபாயையும் ரசீது போட்டு வாங்குங்கள். வருகிற பொங்கல் விழாவில், மேடை விருந்தினர்க்குத் தனி விருந்தறை வேண்டாம். ஒரே பந்தி போடுங்கள். பொறுப்பாளர்கள் முதலில் பரிமாறி, பிறகு அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிடட்டும்.