ஓரத்திலிருந்து நடுவுக்கு

பக்கத்தில் கைக்குட்டை இருந்தால் எடுத்து மடியில் விரித்துக்கொள்ளுங்கள். சேலைத் தலைப்போ தோளில் கிடக்கும் துண்டோ இருந்தாலும் போதும். வானொலியில் எதையும் காட்ட முடியாது. உங்கள் மடியில் இருக்கும் துணியைத்தான் நம்பியிருக்கிறேன். அதன் நடுவில் ஒரு விரலையும் ஓரத்தில் ஒரு விரலையும் வையுங்கள். பழைய துணித் துண்டுகளை ஒட்டி ஒரு போர்வை தைக்கப்போகிறோம். முதல் ஊசியை எங்கே குத்துவது? நடுவிலா, ஓரத்திலா?

சின்னக் கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டி பதினோரு வருடம் கிடந்ததற்கு, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமல் போனதுதான் காரணம்.

அந்தப் பெட்டியில் ஆறங்குலச் சதுரங்கள் இருந்தன. அம்மாவின் சுங்குடிச் சேலை, அப்பாவின் லுங்கி, மகள் உடுத்தி நைந்துபோன பள்ளிச் சீருடைப் பாவாடை, தையல்கடை அக்கா எனக்கென்று சேர்த்துவைத்துக் கொடுத்த ரவிக்கை வெட்டுத் துண்டுகள். ஓர் அமெரிக்கத் தையல் புத்தகத்தைப் பார்த்துத் தொடங்கினேன். அந்த முறையில் வேலை தனித்தனிக் கட்டங்களாகப் போகும். முதலில் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி தயாராக வேண்டும். அப்புறம் அடித்துணியைத் தரையில் விரித்து, அதன்மேல் பஞ்சுப்படலம், அதன்மேல் மேல்துணி என்று மூன்றையும் பரப்பி, நகராமல் இருக்க நூலோட்ட வேண்டும். பிறகு மூன்றும் சேரும்படி தைக்க வேண்டும். கடைசியாக நான்கு ஓரங்களுக்கும் பட்டி அடிக்க வேண்டும். மேல்துணியைத் தைக்கும்போது உற்சாகத்துக்குக் குறைவில்லை. நிறங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து உட்காருவதைப் பார்ப்பதே சுகம். மூன்றையும் பரப்பத் தரை வேண்டும் என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. இரண்டு அறை வீட்டில் ஏழடி நீளத்துக்கு வெறும் தரை எங்கே இருக்கிறது? கட்டிலை நகர்த்தி, பாயைச் சுருட்டி, ஒரு நாள் முழுக்க யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாள் வரவே இல்லை.

எனக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை இது. அமெரிக்காவில் இந்தக் கலையில் ஊறியவர்கள் பாதியில் நின்ற வேலைகளுக்குச் செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள்: யூ.எஃப்.ஓ. முடிக்காத பொருள் என்பதன் சுருக்கம். அலமாரியில் அப்படி எத்தனை இருக்கின்றன என்று எண்ணிவைப்பவர்கள் உண்டு. இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். வேலையை அப்படிக் கூறு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கூறின் முடிவிலும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசல் வழியாக எழுந்து போய்விடலாம்.

அடுப்படியில் வேலை செய்துகொண்டே, குழந்தையைப் பார்த்துக்கொண்டே, கையில் இருக்கும் துணியை மட்டும் வைத்துத் தொடங்கி முடிக்கிற முறை ஒன்று உண்டா என்று தேடியபோதுதான் கவண்டியைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டம். யெல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள். அங்கே சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். போர்த்துகீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுத் தப்பித்துக் காட்டுக்குள் போனவர்களின் வழியினர் அவர்களில் நிறையப் பேர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் அவர்களிடையே உண்டு. 2003-இல் கர்நாடகத்துப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். மழைக்காலத்தில் அந்தக் காட்டின் குளிர் எலும்பில் இறங்கும். அதற்கு அந்தப் பெண்கள் தைப்பதுதான் கவண்டி. தொட்டில் பிள்ளைக்குச் சிறியது, குடும்பமே படுத்துப் போர்த்திக்கொள்ளப் பெரியது.

இப்போது மடியில் இருக்கும் துணிக்கு வாருங்கள். கீழே ஒரு பழைய பருத்திச் சேலை. வேண்டிய அளவுக்கு வெட்டி, ஓரத்தை உள்பக்கமாக மடக்கிக்கொள்கிறார்கள். ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அதன் ஓரத்தையும் உள்ளே மடக்கி, இரண்டு மடிப்பும் நேராகச் சேரும்படி பிடித்து ஓட்டுத்தையல் போடுகிறார்கள். அவ்வளவுதான், தொடங்கியாயிற்று. அடுத்த துண்டு முதல் துண்டின்மேல் கொஞ்சம் ஏறி உட்காரும். அதன் ஓரத்தையும் மடக்கி, அதே நூலில், அதே தையலில் மேலே போகலாம். நான்கு ஓரமும் சுற்றி வந்தபிறகு, ஒரு விரற்கடை உள்ளே தள்ளி அடுத்த சுற்று. அதற்குள் இன்னொன்று. கோலத்தில் சிக்குக்கோடு போகிற மாதிரி நூல் வளைந்து வளைந்து நடுவை நோக்கிப் போகிறது. துண்டுகளை இணைப்பது, அடித்துணியோடு சேர்ப்பது, ஓரத்தை அடைப்பது என்று அந்தப் புத்தகம் எனக்கு மூன்று வேலையாகச் சொன்னது இங்கே ஒரே ஓட்டத்தில் நடந்துவிடுகிறது. சட்டம் வேண்டாம், தரை வேண்டாம், மடி போதும்.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று. முதல் சுற்று முடிந்த உடனே ஓரம் முடிந்துவிடுகிறது. இந்தக் கலையில் எல்லாரும் அலுத்துக்கொள்ளும் வேலை ஓரம்தான். அது முதலிலேயே போய்விடுகிறது. அதற்குப்பின் இருப்பது உள்ளே நிரப்புகிற வேலை மட்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடச் சின்னது. எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தெரியும். உள்ளே போகப்போக வேகம் தானாகக் கூடுகிறது. அமெரிக்க முறையில் போனால் இதற்கு நேர்மாறு: நடுவிலிருந்து வெளியே வரவர வேலை பெருத்துக்கொண்டே போகும்.

அமெரிக்க முறையில் நடுவிலிருந்து தொடங்குவதற்குத் தகுந்த காரணம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். மூன்று அடுக்குத் துணியை ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு போனால், அடித்துணியில் கூடுதலாக இருப்பது உள்ளே தள்ளப்பட்டு, நடுவில் கொப்புளம் மாதிரி நின்றுவிடும். நடுவில் தொடங்கினால் அந்தக் கூடுதல் வெளியே தள்ளப்பட்டு ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போகும். கவண்டி தைக்கும் பெண் அதை உள்ளங்கையால் சமாளிக்கிறாள். ஒவ்வொரு நூல் நீளத்துக்கும் ஒருதரம் துணியை நீவி, இழுத்து, மறுபடி நீவுகிறாள். அப்படியும் கொஞ்சம் சுருக்கம் நிற்கும். துவைத்ததும் அந்தச் சுருக்கம் போர்வை முழுக்கப் பரவி, மணலில் காற்று வரைந்த கோடுபோல் ஆகிவிடுகிறது. தட்டையாக, இஸ்திரி போட்டதுபோல் இருக்கவேண்டும் என்பவர்களுக்குக் கவண்டி சரிவராது. எனக்கு அந்தச் சுருக்கம் பிடிக்கும். உடம்பில் படும்போது மெத்தென்று இருக்கிறது.

நான்கு மூலைகளைப் பற்றிச் சொல்லாமல் கவண்டியை விட முடியாது. சதுரத் துண்டை மூலைவாட்டில் மடித்து, மறுபடி மடித்து, பல மடிப்பு முக்கோணமாக்கி மூலைகளில் வைத்துத் தைக்கிறார்கள். அதற்குப் பெயர் ‘பூலா’, பூ. போர்வை சூடு தருவதற்கு அந்தப் பூ தேவையே இல்லை. ஆனால் அது இல்லாத கவண்டி அவர்களுக்கு அம்மணமாக நிற்பது போன்றது. மழைக்கு ஒதுங்க ஒரு போர்வை தைக்கிற ஏழை வீட்டில், தேவைக்கு மேலே ஒரு பூ இருந்தால்தான் வேலை முடிந்தது என்று ஒரு நியாயம் இருக்கிறது பாருங்கள், அதை நான் பெரிதாக மதிக்கிறேன். முஸ்லிம் சித்திப் பெண்கள் சிலர் பிறையை வைத்துத் தைப்பதுண்டு, கிறிஸ்தவப் பெண்கள் சிலுவையை. பூ எல்லாருக்கும் பொது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கக் கலை வரலாறு பயிற்றுவித்த ஹென்றி டிரூவால் இந்தப் போர்வைகளை ஆராய்ந்தார். பெண்கள் சேர்ந்து தைத்து விற்க ஒரு கூட்டுறவு அமைப்பு உருவாகவும் துணைநின்றார். 2011-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள ஷோம்பர்க் மையத்தில் கவண்டிகள் சுவரில் தொங்கின. பார்த்தவர்கள் அந்த நிறச் சேர்க்கையில் ஆப்பிரிக்காவைத் தேடினார்கள். ஆப்பிரிக்கா அதில் இருக்கலாம். ஆனால் அதே கர்நாடகத்தின் வடக்கே ‘கௌதி’ என்றும், மராட்டியத்தில் ‘கோதடி’ என்றும், ஆந்திரத்தில் ‘பொந்த’ என்றும் பழஞ்சேலைப் போர்வைகள் வீட்டுக்கு வீடு தைக்கப்பட்டவை. சேலையும் ஓட்டுத்தையலும் இந்த மண்ணின் சொத்து. முன்னோர் எந்தக் கரையிலிருந்து வந்தாலும், கைக்கு எட்டிய பழந்துணியை வைத்துத்தானே தைத்திருப்பார்கள்?

கடல் கடந்துபோன ஆப்பிரிக்க மக்கள் தைத்த இன்னொரு போர்வை உலகத்துக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ‘ஜீஸ் பெண்ட்’ என்ற சிற்றூர். ஆறு மூன்று பக்கமும் வளைத்துக் கிடக்கும் பழைய பருத்திப் பண்ணை நிலம். அடிமைகளாக உழைத்தவர்களின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள் தைத்த போர்வைகள் 2002-இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டன. 2006-இல் அவற்றில் பத்து அந்த நாட்டு அஞ்சல்தலைகளில் அச்சாயின. அவர்கள் அதிகம் தைக்கும் ‘ஹவுஸ்டாப்’, அதாவது வீட்டுக்கூரை மாதிரி, நடுவில் ஒரு துண்டில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் பட்டி சேர்த்து வளர்வது. கவண்டியின் எதிர்த்திசை. ஆனாலும் இரண்டிலும் கை ஒன்றுதான்: அடுத்து எந்தத் துண்டு என்பது, அந்தத் துண்டை எடுக்கும்போதுதான் முடிவாகும்.

அந்த ஊரில் மிசௌரி பெட்வே என்ற பெண் 1942-இல் தைத்த போர்வை ஒன்று உண்டு. கணவர் இறந்தபின் அவர் வயலில் போட்டிருந்த உடுப்புகளைக் கிழித்து, மங்கிப்போன நீலமும் பழுப்புமாகத் தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதைப் போர்த்திக்கொண்டு படுக்கவும் என்று அம்மா சொன்னதாக மகள் ஆர்லோன்சியா பின்னாளில் நினைவுகூர்ந்தார். முழங்கால் பட்ட இடம் வெளுத்துக் கிடக்கும் அந்தத் துணியைப் படத்தில் பார்த்தபிறகுதான், அப்பாவின் லுங்கியை ஆறங்குலச் சதுரமாக அளந்து வெட்டியிருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. துணி கிழிந்த வடிவத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

நம் பக்கத்தில் ஒட்டுப்போட்ட துணி என்றால் முகம் சுளித்துப் பழகிவிட்டோம். கந்தை என்ற சொல்லில் இல்லாமை ஏறிவிட்டது. கிழிந்த இடத்துக்கு அதே நிறத்தில் துணி தேடி, ஒட்டுத் தெரியாமல் தைப்பதுதான் நல்ல தையல் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒட்டுத் தெரியவேண்டும் என்றே தைக்கும் கலை அதனாலேயே நம் வீடுகளுக்குள் தயங்கித் தயங்கி வருகிறது. இந்த மண்ணுக்கு அது அந்நியம் இல்லை. கோயில் தேரில் தொங்கும் தொம்பையைப் பாருங்கள்: சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வெட்டிவைத்துத் தைத்த துணிதான். சாமிக்கு ஒட்டுத்துணி அழகு. மனிதருக்கு மட்டும் வெட்கமா?

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியது ஓர் ஐப்பசியில். ஏற்கெனவே இணைத்திருந்த பகுதிகளைப் பிரிக்க மனம் வரவில்லை. அவற்றை அப்படியே பெரிய ஒட்டுகளாகக் கொண்டேன். அம்மாவின் இன்னொரு சேலை அடித்துணி. மூலையில் லுங்கித் துண்டோடு தொடங்கினேன். மின்சாரம் போன சாயங்காலங்களிலும் வாசற்படியில் உட்கார்ந்து தைக்க முடிந்தது. ஓட்டுத்தையலுக்கு விரலே கண். நடு நெருங்கும்போது ஒரு கொப்புளம் எழும்பியது. பிரிக்காமல், அதை ஒரு மடிப்பாக அமுக்கி, மேலே சீருடைப் பாவாடையின் கொசுவத் துண்டை வைத்துத் தைத்துவிட்டேன். இன்றைக்கு அந்தப் போர்வையை விரித்தால் முதலில் கண்ணில் படுவது அந்த இடம்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. தை பிறப்பதற்குள் முடிந்தது. பதினோரு வருடம் நின்றது மூன்று மாதத்தில்.

அப்போது தெரிந்த இன்னொன்றையும் சொல்கிறேன். மடியிலிருந்து எழுந்து உதறியபோது, வெட்டி விழுந்த துண்டுகள் ஒரு தாம்பாளம் நிறைய இருந்தன. அன்று ராத்திரியே அவற்றில் பெரியதைத் தேடி எடுத்து, ஓரத்தை மடக்கி, ஒரு தொட்டில் போர்வைக்கு மூலை பிடித்துவிட்டேன். அது முடிந்தபோது மிஞ்சியதில் மூன்றாவது. முதல் போர்வை இப்போது மகளின் விடுதிக் கட்டிலில் கிடந்து கால்பக்கம் நூல்நூலாகிவிட்டது. அதற்கு ஒட்டுப்போடப் போவதில்லை. நான்கு பூவையும் பிரித்து வைத்துக்கொண்டு, போர்வையை அடுத்ததற்குள் பஞ்சுக்குப் பதிலாக வைக்கப்போகிறேன். மேலே வேறு துணி வந்தாலும் அம்மாவின் சேலை உள்ளே இருக்கும்.

நீங்களும் தொடங்குவதானால் ஒரு தலையணை அளவில் தொடங்குங்கள். பருத்தியை மட்டும் எடுங்கள். பாலியஸ்டர் துண்டு மடக்கிய இடத்தில் நிற்காது, நழுவும். புதுத் துணியானால் ஒருதரம் துவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்று சுருங்கி இன்னொன்று சுருங்காமல் இழுக்கும். தடித்த பருத்தி நூல், கொஞ்சம் நீண்ட ஊசி. நூலை மட்டும் ஒன்றரை முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கு விழும்.