சரக்கு வண்டியில் பெட்ரோல் வாடை
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



காய்கறி ஏற்றும் பெட்ரோல் வண்டியில் வாடை அடித்தால், "பழைய வண்டி, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். விடக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிச் சென்று, தள்ளி எரியும் அடுப்பிலும் பற்றிக்கொள்ளும்.

முதலில் இருக்கைக்குப் பின்னால் பாருங்கள். விசைத் தெளிப்பானுக்கு வாங்கிய பெட்ரோல் கேன் மூடி தளர்ந்து கிடக்கும். சங்கதி அதோடு தீர்வதும் உண்டு.

இல்லையென்றால், வாடை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். டாங்கை நிரப்பியவுடன் மட்டும் வந்தால், மூடியின் ரப்பர் வளையமோ, பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டாங்குக்குப் போகும் ரப்பர் குழாயோ வெடித்திருக்கலாம். பம்பு தானே நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று நிரப்பச் சொல்லாதீர்கள். ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் புகுந்து அது கெட்டுவிடும். ஓடும்போது வாடை வந்தால் என்ஜின் பக்கத்துக் குழாய்களைப் பாருங்கள். எலி கடித்திருக்கலாம். இப்போது 20 சதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய வண்டிகளின் ரப்பர் விரைவில் கெடவும் கூடும்.

வெட்டவெளியில் நிறுத்தி, என்ஜின் ஆறிய பின் டார்ச் விளக்கில் தேடுங்கள். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். சொட்டுநீர்க் குழாயை வெட்டிச் செருகாதீர்கள். பெட்ரோலுக்கென்றே செய்த குழாயும் புதுக் கிளிப்பும் போடுங்கள். இஞ்ஜெக்‌ஷன் வண்டியில் என்ஜின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும். அதை மெக்கானிக்கே கழற்றட்டும்.

டாங்கு கசிந்தால் சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைப்பவர்கள் உண்டு. மழைநீர் பட்டால் கரைந்துபோகும். அதை நம்பி லோடு ஏற்றாதீர்கள். காலி டாங்குதானே என்று வெல்டிங் பட்டறைக்கும் தூக்கிச் செல்லாதீர்கள். நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்கே ஆபத்து. உள்ளே தங்கிய ஆவி காற்றோடு கலந்து ஒரே பொறியில் வெடிக்கும். டாங்கையே மாற்றிவிடுங்கள்.