பேருந்துப் படிகளும் இடுப்பளவும்

அமர்ந்தே உழைப்போரின் இதயநலம் குறித்த தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளிலிருந்து கிடைத்தது. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாதிருக்க, நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க மாடிப்படிகளில் ஓயாது ஏறியிறங்கினார்; இவ்விருவருள் ஓட்டுநர்க்கே மாரடைப்பு மிகுதி என்று ஆய்வாளர் ஜெரி மாரிஸின் குழுவினர் 1953இல் வெளியிட்டனர். ஆயினும் 1956இல் அவர்களே சீருடை அளவுகளை ஆராய்ந்தபோது, ஓட்டுநரின் இடுப்பளவு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தமை புலப்பட்டது; ஆகவே, மாரடைப்பு வேறுபாட்டுக்கு அமர்ந்த வேலை மட்டுமே காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. தம் முடிவைத் தாமே ஐயுற்ற அந்த நேர்மை அரியது. இடுப்பு பெருப்பது உழைப்போடு உணவையும் பொறுத்தது: உண்ட உணவின் ஆற்றலில் உடல் செலவிடாத பகுதி கொழுப்பாகத் தங்குவதை ஆற்றல் சமநிலை குலைதல் என்பர். அதனால், நடையை மட்டும் நம்பி உணவின் அளவைக் கவனியாது விடுவது இடுப்பளவைக் குறைக்கப் பெரும்பாலும் போதாது. ஒரு மணிநேர நடையில் செலவாகும் ஆற்றலை, மாலைத் தேநீருடன் உண்ணும் இரண்டு மூன்று வடைகள் சில நிமிடங்களில் ஈடுசெய்துவிடும்.