விரைவு அலைவரிசை: ஆணைக்கும் கோபுரத்துக்கும் இடையே

புதிய தொழில்நுட்பம் ஒரு நாட்டை வந்தடைந்த நாள் வேறு. அது கடைசிக் கிராமத்து மக்களுக்குப் பயன்படத் தொடங்கிய நாள் வேறு. இவ்விரு நாள்களுக்கும் இடையே கழியும் காலத்தைக் கொண்டே வளர்ச்சித் திட்டங்களின் வெற்றி தோல்வியை மதிப்பிடுதல் வேண்டும். கைபேசி வழி அகண்ட அலைவரிசைச் சேவையின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு.

ஜப்பானில் மூன்றாம் தலைமுறைக் கைபேசிச் சேவை 2001 அக்டோபரில் வணிக முறையில் தொடங்கிற்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இச்சேவை பற்றிய பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் அளித்தது. அரசின் வழிகாட்டு நெறிகள் 2008 ஆகஸ்டில் வெளியாயின. பொதுத்துறை நிறுவனங்கள் 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் சேவையைத் தொடங்கின. தனியாருக்கான ஏலமோ 2010 ஏப்ரல், மே மாதங்களில்தான் நடைபெற்றது. அலைக்கற்றையின் ஒரு பகுதி பாதுகாப்புத் துறையின் பயன்பாட்டில் இருந்தமையும், ஏலத்தின் அடிப்படை விலை பற்றித் துறைகளிடையே எழுந்த கருத்து வேறுபாடும் தாமதத்துக்குக் காரணங்களாயின. ஐந்தாம் தலைமுறைச் சேவை தென்கொரியாவில் 2019 ஏப்ரலிலும், இந்தியாவில் 2022 அக்டோபர் 1ஆம் நாளிலும் தொடங்கியது. உலகத்துக்கும் நமக்கும் உள்ள இடைவெளி குறைந்து வந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள இடைவெளி அதே அளவில் குறைந்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. இதன் காரணங்களை ஆராய்வது மாணவர்க்கும் அலுவலர்க்கும் ஒருங்கே பயன் தரும்.

விலையும் வீணான ஆண்டுகளும்

அலைவரிசை குறையக் குறைய அலை செல்லும் தொலைவு மிகும். சுவரையும் மரச்செறிவையும் கடக்கும் திறனும் கூடும். எனவே 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை கிராமங்களுக்கு மிகவும் ஏற்றது. குறைந்த எண்ணிக்கையிலான கோபுரங்களைக் கொண்டே பரந்த பகுதிக்குச் சேவை அளிக்கலாம். இவ்வலைக்கற்றை 2016இல் முதன்முறையாக ஏலத்துக்கு வந்தது. நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ரூ.11,485 கோடி என அடிப்படை விலை விதிக்கப்பட்டது. வாங்க எவரும் முன்வரவில்லை. 2021 ஏலத்தில் விலை குறைக்கப்பட்டும் அது விற்பனையாகவில்லை. 2022இல் விலை ரூ.3,927 கோடியாகக் குறைந்த பின்னரே ஒரு நிறுவனம் அதனைப் பெற்றது.

அலைக்கற்றை நிலக்கரி போன்றதன்று. வெட்டப்படாத நிலக்கரி மண்ணில் கிடக்கும், பின்னர் வெட்டிக்கொள்ளலாம். பயன்படாத அலைக்கற்றையின் ஆண்டுகளோ மீளமாட்டா. பொதுச் சொத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடக் கூடாது என்னும் அச்சம் நியாயமானதே. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்த நிகழ்ச்சிக்குப் பின் அவ்வச்சம் மேலும் வலுப்பெற்றது. எனினும், விற்காத பொருளால் கருவூலத்துக்கும் வருவாய் இல்லை, மக்களுக்கும் சேவை இல்லை.

எல்லைப்புறத்து ஊர்

திருப்பதி மாவட்டத்தில், புத்தூரை அடுத்துள்ள நாராயணவனத்தை நோக்குவோம். கல்யாண வேங்கடேசுவரர் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூர் நெசவாளர் வாழும் ஊருமாகும். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவாகும் வரை இது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தின் நிலவமைப்பு கைபேசி வலையமைப்புக்கு எளிதானதன்று. கைலாசகோனா அருவி விழும் மலைத்தொடர் அருகில் உள்ளது. மலையின் ஒருபுறம் நிற்கும் கோபுரத்தின் அலை மறுபுறத்துக்கு எட்டுவது அரிது. மேலும், அலைக்கற்றை உரிமம் வட்டவாரியாக வழங்கப்படுவதால், ஆந்திர வட்டமும் தமிழ்நாடு வட்டமும் அடுத்தடுத்து வரும் எல்லைப் பகுதிகளில் ஒரு வட்டத்தின் அலை மற்றொன்றில் புகாதவாறு கருவிகளைக் கட்டுப்படுத்தவும் நேரிடுகிறது.

கோபுரம் எழுந்துவிட்டால் மட்டும் வேகம் வந்துவிடாது. கோபுரத்தை மைய வலையமைப்புடன் இணைப்பது ஒளியிழையாயின் தடையின்றித் தரவு செல்லும். நுண்ணலை இணைப்பாயின் அதன் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. பெரிய குழாயில் வரும் நீரைச் சிறு குழாயில் செலுத்துவதை ஒத்தது இது. இது கருதியே 2019 டிசம்பரில் தொடங்கப்பட்ட தேசிய அகண்ட அலைவரிசை இயக்கம், கோபுரங்களில் 70 விழுக்காட்டை ஒளியிழையால் இணைப்பதை இலக்காகக் கொண்டது. ஆந்திர அரசின் ஒளியிழைத் திட்டம் மண்ணைத் தோண்டுவதற்குப் பதிலாக மின்கம்பங்களின் வழியே இழையைக் கொண்டு சென்று செலவையும் காலத்தையும் குறைக்க முயன்றது. காற்றிலும் மழையிலும் அறுந்தால் விரைந்து சீர்செய்ய ஆட்கள் இருந்தால்தான் இம்முறை நிலைக்கும்.

அனுமதியும் அச்சமும்

இழை புதைக்கவும் கோபுரம் நிறுவவும் ஊராட்சி, நகராட்சி, நெடுஞ்சாலை, வனம் எனப் பல அமைப்புகளின் இசைவு வேண்டும். 2016ஆம் ஆண்டின் வழியுரிமை விதிகள் 60 நாள்களுக்குள் முடிவு கூற வேண்டும் என்றும், கூறாவிடில் அனுமதி அளிக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்றும் வகுத்தன. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. விதி மாறினால் மட்டும் போதாது. அதனைக் கையாளும் அலுவலகமும் மாற வேண்டும்.

மக்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிடலாகாது. கோபுரக் கதிர்வீச்சுக்கு இந்தியா 2012 செப்டம்பர் முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதிக்கிறது. இவ்வுண்மையை ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைத்து, அளந்தும் காட்டினால் எதிர்ப்பு பெரிதும் தணியும்.

தாமதம் யாவும் இழப்பன்று. பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்துக்கு நான்காம் தலைமுறை அலைக்கற்றை வழங்க 2019 அக்டோபரில் முடிவு செய்யப்பட்டது. 2020இல் கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி கைவிடப்பட்டு, உள்நாட்டுத் தொழில்நுட்பமே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 97,500 கோபுரங்களைக் கொண்ட அவ்வலையமைப்பு 2025 செப்டம்பர் 27 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நிறுவனம் வாடிக்கையாளர் பலரை இழந்தது. நாடோ சொந்தமாக வலையமைப்பு உருவாக்கும் திறனைப் பெற்றது. பயன் தந்த தாமதம் எது, கோப்பு உறங்கியதால் விளைந்த தாமதம் எது எனப் பிரித்தறிவதே நிருவாகத்தின் கடமை.

நெசவாளர் தம் சேலையின் படத்தை வெளியூர் வணிகருக்கு அனுப்பவும், மாணவி வீட்டிலிருந்தே பாடம் கேட்கவும், நோயாளி தொலைவிலுள்ள மருத்துவரைக் காணவும் இவ்விணைப்பே வழி. ஆணை தில்லியில் பிறக்கிறது. அதன் பயனோ ஊராட்சி அலுவலகத்தின் மேசையைக் கடந்தே மக்களைச் சென்றடைகிறது. அம்மேசையில் ஒரு விண்ணப்பம் எத்தனை நாள் தங்குகிறது என்பதை ஒவ்வொரு மாவட்டமும் மாதந்தோறும் கணக்கிட்டு வெளியிடுமாயின், பணி விரைவு பெறும்.