மலையேறி வந்த பாடம்



உழைத்துப் பிழைப்போரும் பட்டம் பெறல் வேண்டும் என்று கருதிய அண்ணல் அம்பேத்கர், 1946 இல் பம்பாயில் நிறுவிய சித்தார்த்தா கல்லூரியில் காலை வகுப்புகளை நடத்தச் செய்தார். 1962 இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 2002 இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2017 இல் வந்த ‘ஸ்வயம்’ இணையத்தளமோ கல்லூரிப் பாடத்தைக் கைப்பேசிக்குள் கொணர்ந்தது. ஆம், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பாடம் செம்மேட்டுக்கு வந்துவிட்டது!

ஆயினும், வந்த பாடம் மாணவர் மனத்தில் தங்கிற்றா? பகலெல்லாம் மிளகு பறித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் மாணவியை எண்ணிப் பாருங்கள். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையிடம் இருக்கிறது. அது கைக்கு வந்தாலும், அலைவரிசை அறுந்து காணொளி பாதியில் நிற்கிறது. ஐயம் எழுந்தால் கேட்க ஆளில்லை. ஒப்படைப்புக்குரிய நாளும் கடந்துவிடுகிறது. படிப்பு நின்றதும் ‘அவளுக்கு ஊக்கமில்லை’ என்கிறோம். குறை அவளுடையதன்று, துணையின்றி விட்ட நம்முடையது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இக்கழகக் கட்டடத்தில் நாள்தோறும் மாலை 6 முதல் 8 மணி வரை விளக்கும், இணைய இணைப்பும், இரு கணினிகளும், ஓர் ஆசிரியரும் இருத்தல் வேண்டும். பாடங்களை முன்னரே பதிவிறக்கி வைத்தால் இணைப்பு அறுந்தாலும் படிப்பு நிற்காது. வாரத்தில் இரு நாள் நான் வருகிறேன். ஏனைய நாள்களை இங்குள்ள பட்டதாரிகள் ஏற்க வேண்டும். பெண்மக்களை வீடு சேர்க்கும் பொறுப்பைப் பெற்றோர் முறைவைத்து ஏற்க வேண்டும்.

வெள்ளி விழாவின் பயன் அதுவே ஆகுக!